குடுமிக்காரனை விற்ற கதை

வாசகர்களே, சனிக்கிழமை விடியற்காலை ஒன்றேகால் மணிக்கு ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை சமையலறை விளக்கைப் போட்டுக்கொண்டு என்ன செய்துகொண்டிருப்பாள் என்று நினைக்கிறீர்கள்? தேர்வுத்தாள் திருத்துவாள் என்பீர்கள். விடிந்தால் விருந்தாளி வருகிறார்கள், உளுந்து ஊறப்போடுகிறாள் என்பீர்கள். தண்ணீர் குடிக்க எழுந்து வந்த என் வீட்டுக்காரருக்கோ வேறு பயம். அந்நேரத்தில் நம் வீடுகளில் விளக்கு எரிந்தால் அது சாவுச் செய்தியாகத்தானே இருக்கும்?

"யாருக்கு என்னாச்சு? தோட்டத்துலேர்ந்து போன் வந்துச்சா?" என்று பதறினார்.

"ஒண்ணுமில்லிங்க. கேப்டனா யாரைப் போடறதுன்னு பாத்துக்கிட்டிருக்கேன். ஒன்றரைக்குள்ள முடிவு பண்ணணும்."

மனிதர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துக்கொண்டார். கிள்ளான் துறைமுகத்துக்கு லோரி ஓட்டுகிறவர். தூக்கத்தின் அருமை தெரிந்தவர்.

எனக்கு வயது 46. பயிற்சிக் கல்லூரியில் சான்றிதழ் வாங்கிய நாள் முதல் தோட்டப் பள்ளிகளிலேயே காலம் தள்ளிவிட்டேன். இப்போது வேலை செய்யும் பள்ளி கோல லங்காட் பக்கம் செம்பனைக்குள் இருக்கிறது. குடியிருப்பது கம்போங் மேடானில், ஓர் அடுக்குமாடியின் ஏழாவது மாடியில். காற்பந்தைப் பற்றி 2025 ஜூலை வரை எனக்குத் தெரிந்ததெல்லாம், பந்தைக் கையால் தொட்டால் குற்றம் என்பது மட்டுமே. அந்த ஒருவர் தவிர, வலைக்கு முன்னால் நிற்பாரே, அவர் தொடலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஜூலைக் கடைசியில், படிவம் நான்கில் படிக்கும் என் மகனுடைய மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். புத்தகத்துக்கு அடியில் ஒரு தாள் கிடைத்தது. ஒன்பது பையன்களின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 50 வெள்ளி. கீழே கூட்டல் போட்டு 450. தாளின் மறுபக்கம் முழுக்க எண்கள்: 14.5, 14.0, 10.5, 5.5. சில எண்களைச் சுற்றி வட்டம்.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஏன் என்று சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

என் அப்பா குடிகாரர் அல்லர். தோட்டத்தில் கங்காணிகூட அவரைக் குறை சொன்னதில்லை. ஆனால் புதன், சனி, ஞாயிறு வந்தால் அவர் வேறு ஆள். நாலு நம்பர் குலுக்கும் நாள்கள் அவை. சாலையில் காடி மோதிக் கிடந்தால் நாங்கள் அடிபட்டவனைப் பார்ப்போம், அப்பா நம்பர் தகட்டைப் பார்ப்பார். கனவில் பாம்பு வந்தால் ஒரு நம்பர், பிணம் வந்தால் ஒரு நம்பர். நான் பிறந்த தேதிக்குக்கூட அவர் பணம் கட்டியிருக்கிறார். அதிலும் அவருக்கு ஒன்றும் விழவில்லை. தோட்டத்தை வீடமைப்புக்கு விற்று எங்களை வெளியேற்றியபோது கையில் கொடுத்த நஷ்டஈடு, பதினான்கு மாதம் தாங்கியது. மலிவு வீட்டுக்கு முன்பணம் கட்ட வழியில்லாமல்தான் கம்போங் மேடானில் பலகை வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். எங்களைப் போலத் தோட்டத்தை விட்டுக் கிளம்பிய குடும்பங்கள் அங்கே நிறைய இருந்தன. ஆளாளுக்குக் காரணம் வேறாக இருக்கலாம். எங்களுக்குக் காரணம் அந்த நாலு இலக்கம்.

ஆகவே அந்தத் தாளைப் பார்த்ததும் நான் ஆசிரியையாக இல்லை, பழைய லயத்து மகளாகிவிட்டேன். பையன் வந்ததும் வராததுமாக, "என்னடா இது? உங்க தாத்தா பண்ணினது போதாதா?" என்று கத்தினேன்.

"நம்பர் இல்லம்மா இது. காற்பந்து. நம்மளே டீம் எடுத்து நடத்துறது."

"அப்ப 50 வெள்ளி எதுக்கு?"

அதற்குப் பதில் இல்லை. கார் கழுவும் கடையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நின்று சம்பாதித்த பணம் அது என்பது பிறகு தெரிந்தது.

தோட்டத்துத் தாய்மார்களே, உங்கள் பிள்ளைகளும் கைத்தொலைபேசியைக் குனிந்து பார்த்தபடி இதைத்தான் செய்துகொண்டிருக்கலாம். அது என்னவென்று நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

இங்கிலாந்தின் பிரிமியர் லீக்கில் ஆடும் நிஜ ஆட்டக்காரர்களை வைத்துக் கற்பனையாக ஓர் அணி அமைப்பது இந்த விளையாட்டு. 2002ஆம் ஆண்டிலிருந்து நடக்கிறது. உலகம் முழுவதும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் ஆடுகிறார்கள். சேர ஒரு காசு கட்டவேண்டாம். பணம் வைப்பதெல்லாம் நம் ஆள்கள் தாமாகச் செய்துகொள்ளும் ஏற்பாடு. ஒவ்வொருவருக்கும் கற்பனைப் பணம் 100 மில்லியன் கொடுக்கிறார்கள். அதற்குள் 15 பேரை வாங்கவேண்டும். ஒரே குழுவிலிருந்து மூவருக்கு மேல் கூடாது. 15 பேரில் 11 பேர் களத்தில், நால்வர் வெளியே காத்திருப்பார்கள்.

பெரட்டை நினைத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் பெரட்டுக் களத்தில் கங்காணி பெயர் கூப்பிட்டு, இன்னாருக்கு இன்ன நிரை என்று பிரித்துவிடுவாரே, அதேதான். மணி அடித்தபிறகு மாற்றமுடியாது. வாரத்தின் முதல் ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பு இங்கேயும் மணி அடித்துவிடும். ஒருவன் வேலைக்கு வராவிட்டால் காத்திருக்கும் ஆளை அந்த நிரைக்கு அனுப்புவார்கள். பிறகு எல்லாம் அவனவன் கொண்டுவரும் பாலைப் பொறுத்தது. முன்வரிசை ஆட்டக்காரன் கோல் போட்டால் 4 புள்ளி, நடுவரிசைக்காரன் போட்டால் 5, தற்காப்பாளன் போட்டால் 6. எதிரணியை ஒரு கோலும் போடவிடாமல் காத்தால் தற்காப்பாளனுக்கு 4. மஞ்சள் அட்டை வாங்கினால் ஒன்று போகும், சிவப்பு அட்டைக்கு மூன்று போகும். ஒருவனைக் கேப்டன் என்று குறித்துவைத்தால் அவன் புள்ளி இரட்டிப்பாகும். வாரத்துக்கு ஓர் ஆளை இலவசமாக மாற்றலாம். அதற்குமேல் மாற்றும் ஒவ்வோர் ஆளுக்கும் 4 புள்ளி பிடித்துக்கொள்வார்கள். இந்தக் கடைசி விதியைச் சற்று நினைவில் வைத்திருங்கள். என் குடி கெட்டது அதில்தான்.

இந்த வகை விளையாட்டு வெள்ளைக்காரன் கணினியில் கண்டுபிடித்தது என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. 1980இல் நியூயார்க்கில் டேனியல் ஓக்ரண்ட் என்ற எழுத்தாளர், தம் நண்பர்களோடு அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்தை வைத்துத் தொடங்கியது. அவர்கள் கூடிய பிரெஞ்சு உணவகத்தின் பெயரையே அந்தப் போட்டிக்கு வைத்தார்களாம். பத்திரிகையில் வரும் ஆட்ட விவரங்களைப் பார்த்துக் கையால் கணக்குப் போட்டுத்தான் யார் முன்னணி என்று கண்டார்கள். கணக்கு வாத்தியார் வேலை என்பதால் அந்தச் சங்கதி எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

சரி, 450 வெள்ளிக் கதைக்கு வருகிறேன்.

மறுநாள் மாலை நான் கீழே இறங்கிப் போனேன். அடுக்குமாடியின் அடித்தளத்தில் மோட்டார்சைக்கிள்கள் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் அந்த ஒன்பது பேரும் கூடுவார்கள். ஐந்து பேர் நம் பிள்ளைகள், நால்வர் மலாய்ப் பிள்ளைகள். "இருட்டுல அங்கெல்லாம் போகாதே" என்று அம்மா தடுத்தார். எழுபத்தொன்பது வயதான அம்மாவுக்கு இந்த ஊர் இன்னமும் 2001ஆம் ஆண்டிலேயே நிற்கிறது.

அந்த மார்ச் மாதம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஒரு பக்கம் கல்யாண வீடு, ஒரு பக்கம் சாவு வீடு, இடையில் மூண்ட தகராறு என்று சொன்னார்கள். கம்போங் மேடானும் சுற்றுவட்டாரமும் கலவரமாகி ஆறு உயிர்கள் போயின. இறந்தவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். நான் கல்லூரி விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். பலகைக் கதவுக்குப் பின்னால் அப்பா மண்வெட்டிப் பிடியை மடியில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருந்தார். எனக்குத் தெரிந்து அவர் நம்பர் எடுக்காத ஒரே வாரம் அதுதான். வெளியே போகமுடியவில்லை.

அந்தக் கதவுக்கு இருநூறு அடி தள்ளி அன்று வேறொரு கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவருடைய பேரன்தான், இன்று என் மகனோடு தோளில் கைபோட்டுக்கொண்டு ஓர் ஆட்டக்காரனின் கணுக்கால் காயத்தைப் பற்றிக் கவலைப்படுகிறான். நான் இறங்கி வந்ததைப் பார்த்ததும் அவன்தான் முதலில் எழுந்து நின்றான். "சிக்கு, உட்காருங்க" என்று பிளாஸ்டிக் நாற்காலியை நகர்த்தினான்.

நான் ஒரே பேச்சாகச் சொன்னேன்: "பணம் கூடாது. அவரவர் 50 வெள்ளி அவரவர் கைக்குப் போகட்டும். அதற்குப் பதில் நானும் ஓர் அணி எடுத்து ஆடுகிறேன்." கடைசி வாக்கியத்தை நான் திட்டமிட்டுக் கொண்டுபோகவில்லை. வாயில் வந்துவிட்டது. ஒரு நொடி அமைதி. பிறகு ஓர் சிரிப்பு.

எல்லாரும் சிரிக்கவில்லை. பட்டறையில் வேலை செய்யும் இரு பெரிய பையன்கள், பணமில்லாமல் ஆடுவது ஆட்டமா என்று கேட்டுவிட்டுத் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு விலகினார்கள். அதில் ஒருவன் என் மகனுக்கு ஐந்து வயதிலிருந்து சிநேகிதன். "நீங்க வந்ததாலதான் லீக் உடைஞ்சுபோச்சு" என்று சொன்ன மகன் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான் செய்தது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த மூன்று நாளும் சோறு தொண்டையில் இறங்கவில்லை என்பதையும் மறைக்கமாட்டேன். ஏழு பேர் மிஞ்சினார்கள், என்னோடு எட்டு.

நான்காம் நாள் அவனாகவே வந்தான். "அம்மா, டீம் பேரு என்ன வைக்கிறீங்க?" என்றான்.

"பெரட்டு எஃப்.சி." என்றேன்.

முதல் வாரத்துக்கு அணி அமைத்த கதையைக் கேளுங்கள். லிவர்பூலின் முகமது சாலா 14.5 மில்லியன், மான்செஸ்டர் சிட்டியின் எர்லிங் ஹாலன்ட் 14.0. சாலா முந்திய பருவத்தில் 344 புள்ளி எடுத்து இந்த விளையாட்டில் சாதனை செய்தவர். இருவரையும் வாங்கினால் 28.5 போய்விடும், மீதி 71.5க்குள் 13 பேர். ஆளுக்கு 5.5 என்று கணக்கு மட்டமாக வந்தது. ஆனாலும் பயமாக இருந்தது. யாராவது ஒருவர் என்று முடிவு செய்து, இரண்டு படத்தையும் அம்மாவிடம் காட்டினேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஹாலன்ட் ஆறடிக்கு மேல் உயரம். பொன்னிறத் தலைமுடியைப் பின்னால் கட்டி முடிந்திருப்பான். "இந்தக் குடுமிக்காரனை எடு. வேலை செய்யறவன் மாதிரி இருக்கான்" என்றார். எடுத்தேன். கேப்டனாகவும் போட்டேன்.

ஆகஸ்ட் 16ஆம் தேதி, நம் நேரப்படி நள்ளிரவு கடந்து நடந்த ஆட்டத்தில் சிட்டி 4-0 என்று வுல்வ்ஸை வென்றது. குடுமிக்காரன் இரண்டு கோல். எல்லாம் இரட்டிப்பு! மறுநாள் அர்செனல் 1-0 என்று மான்செஸ்டர் யுனைடெட்டை அதன் களத்திலேயே வென்றது. என் தற்காப்பாளர்களில் இருவர் அர்செனல்காரர்கள். செல்சியின் கோல் பால்மர் மட்டும் ஏமாற்றினான், 10.5 கொடுத்து வாங்கியவன், கிரிஸ்டல் பேலஸோடு கோலில்லாச் சமநிலை. இருந்தாலும் எட்டுப் பேரில் நான்தான் முதல்.

திங்கட்கிழமை மாலை அடித்தளத்தில் கைதட்டினார்கள், வாசகர்களே. இருபத்துச் சொச்ச ஆண்டு ஆசிரியப் பணியில் எனக்குக் கிடைக்காத கைதட்டு! மாமாக் கடையில் எட்டுப் பேருக்கும் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். மகன் நான்காவது இடம். அவன் முகத்தில் பெருமையா பொறாமையா என்று கண்டுபிடிக்கமுடியவில்லை.

வந்தது இரண்டாம் வாரம். ஒருதரம் வென்றவளுக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறதே! வெஸ்ட் ஹாமோடு செல்சிக்கு ஆட்டம். வெஸ்ட் ஹாம் முந்திய வாரம், புதிதாக மேலே வந்த சண்டர்லண்டிடமே 3-0 என்று தோற்றிருந்தது. 'பால்மர் சென்ற வாரம் போடவில்லை, ஆகவே இந்த வாரம் நிச்சயம் போடுவான்' என்று எனக்குள் ஒரு கணக்கு. அந்தக் கணக்கை எங்கே கற்றேன் என்று அப்போது யோசிக்கவில்லை. இவ்வளவு நாள் வராத நம்பர் இனி வந்தே தீரும் என்று அப்பா சொல்வாரே, அதேதான் அது. குடுமிக்காரனைத் துணைக் கேப்டனாக இறக்கிவிட்டுப் பால்மரைக் கேப்டனாக்கினேன். நான் ஆரம்பத்தில் சொன்ன அந்த ஒன்றேகால் மணி இந்த இரவுதான். ஒன்றரைக்கு மணி அடித்தது. மூன்று மணிக்கு ஆட்டம். படுத்தால் தூக்கம் வரவில்லை.

ஆட்டம் தொடங்குமுன் உடம்பைச் சூடேற்றும் பயிற்சி செய்வார்களே, அதில் பால்மருக்கு வலி வந்துவிட்டது! பெயர்ப் பட்டியலில் இருந்தவன் களத்துக்கே வரவில்லை. அவனில்லாமலே செல்சி 5-1 என்று வென்றது. ஐந்து கோல்! எனக்கு அதில் அரைக்கோல்கூட இல்லை. கேப்டன் வராவிட்டால் துணைக் கேப்டனுக்கு இரட்டிப்பு என்பது சட்டம். அன்று மாலை ஏழரைக்குச் சிட்டி சொந்தக் களத்தில் 2-0 என்று டோட்டன்ஹாமிடம் தோற்றது. குடுமிக்காரனும் கோல் போடவில்லை. பூஜ்யத்தை எத்தனையால் பெருக்கினால் என்ன?

மகன் அந்த வாரம் அர்செனலின் யோகெரஸைக் கேப்டனாகப் போட்டிருந்தான். அவன் லீட்ஸுக்கு எதிரே இரண்டு கோல் போட்டான். அர்செனலுக்கு 5-0 வெற்றி. பையன் முதலிடம், நான் ஆறாவது இடம்.

ஞாயிற்றுக்கிழமை பசியாறும்போது வீட்டுக்காரர் ஒரு செய்தியை வாசித்துக் காட்டினார். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை இந்தியா தடை செய்துவிட்டதாம். ஆகஸ்ட் 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்திருக்கிறார். 2008இல் தொடங்கிய டிரீம் 11 என்ற கற்பனைக் கிரிக்கெட் நிறுவனம், தோனியையே விளம்பரத்தில் நிறுத்தியது. அதுகூடப் பணப் போட்டிகளை நிறுத்திக்கொண்டது. "நீ கம்போங் மேடான்ல முன்னாடியே தடை போட்டுட்டே. டில்லி இப்பதான் முழிச்சிருக்கு" என்று சிரித்தார். என்னால் சிரிக்கமுடியவில்லை. நான் அப்போது யாரை விற்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பள்ளியில் நடந்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஐந்தாம் ஆண்டில் ஒரு பையன், தசமப் புள்ளியை இடம் மாற்றி வைத்துவிட்டான். அதற்கு நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். பையன் பென்சிலை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் தவற்றுக்கான கோபம் இல்லை அது என்று எனக்குத் தெரியும். அவன் அப்பா செம்பனைக் குலை அறுப்பவர். அவருக்கோ அவனுக்கோ கோல் பால்மர் யாரென்று தெரிந்திருக்க நியாயமில்லை.

மூன்றாம் வாரம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவது என்று கச்சை கட்டினேன். ஒரே மூச்சில் மூன்று பேரை மாற்றினேன். ஓர் ஆள் இலவசம், மற்ற இருவருக்கும் எட்டுப் புள்ளி அபராதம். பால்மரை விற்றேன். இன்னொரு தற்காப்பாளனை விற்றேன். குடுமிக்காரனையும் விற்றேன். அந்தக் காசில் மகன் வைத்திருந்த அதே யோகெரஸை வாங்கிக் கேப்டனாக்கினேன். போன வாரம் அடுத்தவனுக்கு விழுந்த நம்பரை இந்த வாரம் நான் எடுத்தேன் என்று சொல்லலாம்.

ஆகஸ்ட் 31, சுதந்திர தினம். தாழ்வாரமெங்கும் கொடி. இரவு ஒன்பது மணிக்குப் பிரைட்டனோடு சிட்டிக்கு ஆட்டம். சிட்டி 2-1 என்று தோற்றது. ஆனால் அந்த ஒரு கோலைப் போட்டவன் யாரென்று நினைக்கிறீர்கள்? வீட்டை விட்டு நான் துரத்தியவன்தான். பதினொன்றரைக்கு லிவர்பூலோடு அர்செனல். யோகெரஸ் போடுவான், போடுவான் என்று காத்திருந்தேன். எண்பது நிமிடம் கடந்தபிறகு லிவர்பூலின் சோபோஸ்லாய் வெகு தூரத்திலிருந்து அடித்த பந்து வளைந்துபோய் வலையில் விழுந்தது. 1-0. அர்செனலுக்குக் கோலே இல்லை. என் கேப்டனுக்கு ஒன்றுமில்லை. எட்டுப் புள்ளி அபராதம் மட்டும் பத்திரமாக இருந்தது. எட்டுப் பேரில் எட்டாவது இடம்.

தொலைபேசி வெளிச்சத்தில் உட்கார்ந்தபடி ஒரு தாளில் எழுத ஆரம்பித்தேன். குடுமிக்காரனைத் திரும்ப வாங்க எவ்வளவு வேண்டும், யாரை விற்றால் அது வரும், இன்னும் நான்கு புள்ளி போனால் போகட்டுமா... மணி ஒன்றரை தாண்டியிருக்கும். அம்மா அறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தவர், சமையலறை வாசலில் நின்றுவிட்டார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

"உங்கப்பன் மாதிரியே குந்தியிருக்கே" என்றார்.

அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை. ஏதோ மறந்துபோன முகத்தை எதிர்பாராமல் பார்த்தவர் மாதிரி சொன்னார். தாளைப் பார்த்தேன். எண்கள். சிலவற்றைச் சுற்றி வட்டம். ஒரு காசு வைக்கவில்லையே என்று வாதாடலாம். ஆனால் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்த அந்தத் திங்கட்கிழமை இரவு, "450 வெள்ளியை அப்படியே விட்டிருந்தால் இப்போது நமக்குத்தானே" என்று ஒரு நினைப்பு எனக்கு வந்து போனது உண்மை. அதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

அம்மா எதிரில் உட்கார்ந்து, "என்னதான் ஆச்சு?" என்று கேட்டார். முழுக்கச் சொன்னேன். முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர்; நிரை, ஆள், வேலை என்று சொன்னதும் எல்லாம் புரிந்துவிட்டது.

"புதுப்பட்டை திறந்தா மொத வாரம் எவ்வளவு பால் வரும்?" என்றார்.

"கொஞ்சம்தான் வரும்."

"அப்புறம்?"

"வெட்ட வெட்டக் கூடும்."

"மொத வாரத்து வாளியப் பாத்துட்டு மரத்தைச் சாச்சுட்டியாக்கும். நல்ல கங்காணி!"

அதன்பிறகு இரண்டு வாரம் லீக்குக்கு ஓய்வு. நாடுகளுக்கிடையிலான ஆட்டங்கள் நடந்தன. எனக்குத்தான் ஓய்வில்லை. செப்டம்பர் 9ஆம் தேதி நார்வே 11-1 என்று மால்டோவாவை வென்றது. குடுமிக்காரன் ஒருவனே ஐந்து கோல்! அந்த ஆட்டத்துக்கு நம் கணக்கில் புள்ளி கிடையாது, ஆனால் வயிற்றெரிச்சலுக்கு அதெல்லாம் தெரியுமா? லீக் திரும்பியதும் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக இரண்டு, அர்செனலுக்கு எதிராக ஒன்று. முழு அணியையும் அபராதமின்றி மாற்றிக்கொள்ள ஒரு சீட்டு இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள் என்று மகன் சொன்னான். நான் தொடவில்லை. வாரத்துக்கு ஓர் ஆள் மாற்றம், அதுவும் வெள்ளிக்கிழமை விளக்கு வைப்பதற்குள் என்று முடிவு செய்துகொண்டேன். ஏழாவது இடத்துக்கு ஏறியிருக்கிறேன். கீழே ஒருவன் இருக்கிறான். அவன் தன் கடவுச்சொல்லை மறந்துவிட்டு அணியைப் பார்ப்பதே இல்லை.

அந்த ஐந்தாம் ஆண்டுப் பையனுக்கு ஒரு கணக்கு கொடுத்தேன். மன்னிப்புக் கேட்கப் பழகாத வாத்தியாருக்குக் கணக்குதானே கொடுக்கத் தெரியும். 100இலிருந்து 14.5ம் 14.0ம் போனால் மீதியைப் பதின்மூன்று பேருக்குப் பங்கிடு என்று வெண்பலகையில் எழுதினேன். எழுந்து வந்து புள்ளியைச் சரியான இடத்தில் வைத்து 5.5 என்று எழுதினான். பிறகு மெதுவாக, "டீச்சர், சாலாவும் ஹாலன்டுமா?" என்று கேட்டான். அவன் அண்ணனும் ஆடுகிறானாம். வகுப்பே கொல்லென்று சிரித்தது. இப்போது தசமப் பாடத்துக்கு நான் குரல் உயர்த்தவேண்டிய அவசியமே இல்லை. அவர்களை அடக்கத்தான் வேண்டியிருக்கிறது.

விலகிப்போன அந்த இருவரும் இன்னும் திரும்பவில்லை. மகனுடைய சிநேகிதன் மின்தூக்கியில் என்னைப் பார்த்தால் தலையை ஆட்டுகிறான், பேசுவதில்லை.

செப்டம்பர் 27, சனிக்கிழமை. சிட்டி 5-1 என்று பர்ன்லியை வென்ற ஆட்டம் முடிந்தபோது நள்ளிரவு. நான் பத்தரைக்கே படுத்துவிட்டேன். கீழே பையன்கள் போட்ட கூச்சலில் விழிப்பு வந்தது. அம்மாவும் விழித்திருந்தார்.

"என்ன சத்தம்? குடுமிக்காரன் இன்னிக்கு வேலைக்கு வந்தானா?"

தொலைபேசியை எடுத்துப் பார்த்தேன். "வந்தான்மா. கடைசி நேரத்துல ரெண்டு போட்டிருக்கான்."

"இன்னும் நம்ம நிரைக்கு வரலியா?"

"இல்லம்மா."

"இப்ப யாரு நிரையில நிக்கிறான்?"

"ஒம் பேரன் நிரையிலதான். போன வாரம் வாங்கிட்டான்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.